பச்சைக் காரின் பின்பக்கம்

முப்பது வருடம் நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒழுங்குமுறை ஆசிரியராக இருந்தேன். தமிழும் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் பிள்ளைகள் என்னை ஞாபகம் வைத்திருப்பது தமிழுக்காக இல்லை. கழிவறையில் புகை பிடித்தவன், பரீட்சையில் காப்பியடித்தவள், சைக்கிளைத் திருடி வேறு பெயிண்ட் அடித்தவன், எல்லாரும் கடைசியில் என் அறைக்குத்தான் வருவார்கள். ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா. நடந்ததை எழுது என்பேன். எழுதத் தெரியாமல் முழிப்பவனுக்கு வாக்கியம் வாக்கியமாக நானே சொல்லிக் கொடுப்பேன். ஸ்டேட்மெண்ட் என்று அதற்குப் பெயர். முகத்தைப் பார்த்தாலே யார் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும் என்று ஆசிரியர் அறையில் பீற்றிக்கொண்டதும் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தப் பழக்கம்தான் காரணம்.

ஓய்வு பெற்றதும் எனக்கென்று நான் வாங்கிக்கொண்ட ஒரே பொருள் ஒரு கார். அறுபதுகளில் பிரிட்டனில் செய்தது. இரண்டு கதவு, வெளிர் பச்சை நிறம், உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். என் மனைவி அதற்குத் தவளை என்று பெயர் வைத்தாள். சிங்கப்பூரில் இந்த மாதிரிப் பழைய காருக்குத் தனி விதி. ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்கள் மட்டுமே சாலைக்குக் கொண்டுவரலாம். மற்ற நாளெல்லாம் அது எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே துணி போர்த்திக்கொண்டு நிற்கும், நான் காலையில் போய்த் துடைத்துவிட்டு வருவேன். அதனால் எந்த நாளில் வண்டியை வெளியே எடுப்பது என்பது எங்கள் வீட்டில் காலண்டரைப் பார்த்து யோசித்து முடிவு செய்கிற விஷயம். ஆயுத பூசைக்கு மட்டும் யோசனையே கிடையாது, தவளை கட்டாயம் கோயிலுக்குப் போகும்.

அந்த வருடம் ஆயுத பூசையை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். கோயிலின் பக்கவாட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னும் பின்னும் சாமந்தி மாலை, கண்ணாடியில் திருநீறு, பின் பெட்டி மூடியில் நானே என் கையால் அப்பிய சந்தனமும் குங்குமமும். டயர்களில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஐயர் தேங்காயைச் சுற்றி உடைத்தார். தேங்காய் சிதறிய சிதறலைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்களே நல்ல சகுனம் என்றார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு புறப்பட்டேன்.

அங்கிருந்து மதியச் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியா. ஞாயிற்றுக்கிழமை அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. சிராங்கூன் சாலைக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் திறந்தவெளிக் கார் பார்க்கில், நடைபாதையை ஒட்டி ஒரு மூலை கிடைத்தது. மூக்கை நடைபாதைப் பக்கம் விட்டு நிறுத்தி, இறங்கி நேரே நடந்தோம். வாழையிலைச் சாப்பாடு, பிறகு மனைவிக்கு முருங்கைக்காயும் பூவும். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினோம்.

தவளைக்குப் பின்னால், அதை முட்டிக்கொண்டிருப்பது போல ஒரு லாரி நின்றது. துவாஸ் பக்கத்துத் தங்குவிடுதிகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர்களை ஏற்றி வரும் வகை, பின்னால் கூரை போட்டது. காருக்கும் லாரிக்கும் நடுவில் ஓர் இளைஞர் குந்தி உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பார்த்தேன். பம்பர் உள்ளே மடங்கிக் கிடந்தது. அதன் கீழிருந்த தகடு மடிந்து, பின் பெட்டி மூடியின் ஓரம் குழிந்து, இடது பக்கத்துச் சிவப்பு விளக்கு உடைந்திருந்தது. சாமந்தி மாலை குழிக்குள் சிக்கித் தொங்கியது.

பூசை போட்டு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த நொடி கோபம் தலைக்கேறியது. முப்பது வருடத்துக் குரல் தானாக வந்துவிட்டது. எழுந்து நில் என்றேன்.

அவருக்கு முப்பது வயது இருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் என்று பிறகு தெரிந்தது. மூன்று வருடம் கட்டுமானத்தில் சாரம் கட்டிவிட்டு, மூன்றாவது தடவையில் லைசென்ஸ் பாஸாகி, நான்கு மாதமாகத்தான் லாரி ஓட்டுகிறார். எல்லாவற்றையும் நான் கேட்காமலே சொன்னார். இன்னொரு வண்டிக்கு வழிவிட லாரியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாராம், ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டதாம், இறங்கிப் பார்த்தாராம்.

"சத்தம் கேட்டுச்சு சார். ஆனா இடிச்ச மாதிரி தெரியல" என்றார்.

"சத்தம் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு சார்."

"அப்புறம் என்ன?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தலை குனிந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது. என் அறையில் எப்போதும் அதுதான் கணக்கு.

கையிலிருந்த கோயில் அழைப்பிதழின் வெறும் பக்கத்தைக் கொடுத்து எழுதச் சொன்னேன். லாரியின் மூக்கில் வைத்து எழுதினார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். "என் கவனக்குறைவால்" என்று நான் ஆரம்பித்ததும் பேனா நின்றது.

"நான் கவனமாத்தான் சார் ஓட்டுனேன்."

"எழுது."

எழுதினார். 'என் கவனக்குறைவால், நின்றுகொண்டிருந்த காரின் பின்பக்கத்தை இடித்துச் சேதப்படுத்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.' இதற்குள் அவருடைய ஆட்கள் காய்கறிப் பைகளோடு வந்து தள்ளி நின்றார்கள். என் மனைவி மட்டும் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "போதும்லா, விடுங்க" என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். லாரிக் கதவில் எழுதியிருந்த எண்ணைக் கூப்பிட்டு, போனை எடுத்த மேற்பார்வையாளரிடம் விவரம் சொல்லி, தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். கம்பெனிக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று அதற்கு முன்பே அந்த இளைஞர் இரண்டு தடவை கேட்டிருந்தார். இரண்டு தடவையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காப்பீட்டுக்காரர்களுக்கும் புகார் போட்டேன். எல்லாம் ஒழுங்காக, வரிசையாகச் செய்து முடித்த திருப்தி இருந்தது.

பட்டறையில் இடம் கிடைக்கப் பத்து நாள் ஆனது. காக்கி புக்கிட்டில் தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடி. பழைய கார்களின் உடம்பை அடித்து நிமிர்த்துவதில் கெட்டிக்காரர் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மலேசியாவின் ஜொகூர்க்காரர், ஐம்பது வயது, தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி உட்லண்ட்ஸ் வழியாக வேலைக்கு வருகிறவர். நான் காரைக் காட்டிவிட்டு, ஒரு லாரிக்காரன், என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எப்படி ஆச்சுன்னு சொல்லாதீங்கண்ணே. நான் முதல்ல பாத்துக்கிறேன்."

அது அவருடைய முறையாம். தகரம் எந்த வரிசையில் மடிந்ததோ, அதற்கு நேர் எதிர் வரிசையில் எடுக்க வேண்டும். கடைசியாக மடிந்ததை முதலில், முதலில் மடிந்ததைக் கடைசியில். வண்டிக்காரர்கள் சொல்கிற கதையைக் கேட்டுவிட்டு அடித்தால் வரிசை தப்பிவிடும், தப்பினால் தகரம் நீண்டுபோய்விடும், பிறகு பட்டிப் பசை அப்பித்தான் மூட வேண்டும். பட்டி அப்புவது அவருக்குப் பிடிக்காது. நல்ல முறைதான் என்று எனக்குப் பட்டது. என் முறை அதற்கு நேர்மாறு என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை.

உடைந்த விளக்கைக் கழற்றினார். பம்பரைக் கழற்றித் தரையில் வைத்தார். பின் பெட்டியைத் திறந்து உள்ளே போட்டிருந்த ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டு, கையை விட்டுத் தகட்டின் உட்பக்கத்தைத் தடவினார். பிறகு ஓர் அட்டையை விரித்து மல்லாந்து அடியில் போனார். டார்ச் வெளிச்சம் மட்டும் அங்குமிங்கும் போனது. சாட்சி அழிந்துவிடக் கூடாது என்று நான் பின்பக்கத்தைக் கழுவாமலே வைத்திருந்தேன். குழிக்குள் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. இதைச் சொல்லி அவரிடம் பாராட்டு வாங்கலாம் என்றுகூட நினைத்தேன்.

அவர் வெளியே வந்து முழங்கையைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தத் தூண்ல இடிச்சீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தூணா, லாரி இடித்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. வாங்க என்று கூப்பிட்டு என்னையும் குந்த வைத்தார். லாரியின் பம்பர் உயரம், பட்டை. அது இடித்திருந்தால் பின் பெட்டி மூடியின் மேல்பாதி தட்டையாக நசுங்கியிருக்கும். இங்கே மேல்பாதியில் கீறல்கூட இல்லை. பம்பர் ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வளைந்திருக்கிறது. அந்த வளைவு கீழே போய்ப் புகைக்குழாயின் முனையையும் நெளித்திருக்கிறது. மேலே மூடியின் ஓரத்தில் ஒரு வட்டத் தடம் பதிந்து முடிகிறது. குட்டையான, உருண்டையான, தலை மழுங்கிய தூண். கார் நின்றிருக்கவில்லை, பின்னால் போயிருக்கிறது. விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார்.

அந்தச் சந்தனத்தைப் பாருங்கள், பூசை போட்ட வண்டி, என்றேன். சம்பந்தமே இல்லாமல்தான் சொன்னேன், வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் ஈரத் துணியால் குழியைத் துடைத்தார். சந்தனம் கரைந்து வந்தது. அதற்கடியில் இன்னொரு மஞ்சள் இருந்தது. ஈரத் துணிக்கு அது அசையவில்லை. தின்னரில் நனைத்த துணியால் தேய்த்ததும் துணியில் மஞ்சள் ஏறியது.

"சந்தனம்னா தண்ணியில போயிருக்கும். இது பெயிண்டுண்ணே. தூண் பெயிண்டு."

நான் விடவில்லை. கைப்பேசியை எடுத்து அன்று எடுத்த படங்களைக் காட்டினேன். லாரி எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறது பாருங்கள் என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கினார். லாரியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"விளக்கு உடைஞ்சிருக்கு. துண்டு எங்க?"

தரை சுத்தமாக இருந்தது. லாரியின் சக்கரத்தடியில் நசுங்கிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று மட்டும் கிடந்தது. நான் ஆறு படம் எடுத்திருந்தேன். ஆறிலும் ஒரு சிவப்புத் துண்டுகூட இல்லை. உடைந்த பொருளின் துண்டு எங்கே என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் ஆயிரம் தடவை கேட்டவன் நான்.

எலுமிச்சம்பழம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கோயிலில் எங்களுக்கு முன்னால் நின்ற புதுக் கார் நகரவில்லை. அதன் சொந்தக்காரர் குடும்பத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். முன்னால் போய்ப் பழத்தை நசுக்க வழியில்லை. தொண்டர் ஒருவர் பழங்களை எடுத்து டயர்களுக்குப் பின்னால் வைத்து, ரிவர்ஸ் எடுங்க சார், கொஞ்சம் போதும், என்றார். எடுத்தேன். இடது பக்கத்துப் பழம் நசுங்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். பூசையில் ஒரு பழம் நசுங்காமல் இருந்தால் எனக்கு மனசு கேட்குமா. ஓங்கி மிதித்தேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அதே நேரம் முன்னால் தேங்காய் உடைந்தது. அந்தக் குலுக்கல் பழம் என்று நினைத்தேன், சத்தம் தேங்காய் என்று நினைத்தேன். பின்னால் தொங்கிய மாலையும் வாழைக்கன்றும் கண்ணாடியை மறைத்திருந்தன. இறங்கிப் போய்ப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. லிட்டில் இந்தியாவிலும் முன்பக்கமாக இறங்கி முன்பக்கமாகவே நடந்துவிட்டேன்.

ஒரு கவிழ்த்த பெயிண்ட் டின்னில் உட்கார்ந்தேன். பட்டறையில் எல்லாச் சுத்தியலும் ஒரே நேரத்தில் என் மண்டையில் விழுவது போல இருந்தது. போனில் மனைவியைக் கூப்பிட்டேன். பூசை அன்று ஏதாவது கேட்டாயா என்றேன். அவள் யோசிக்கவே இல்லை.

"ரெண்டு சத்தம் கேட்டுச்சுன்னு அன்னிக்கே காருக்குள்ள சொன்னேனே. நீங்கதான் தேங்காய் நல்லா சிதறுனா அப்படித்தான்னு சொன்னீங்க."

சொல்லியிருக்கிறாள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் நன்றாக ஞாபகம் வந்தது.

நம்பாமல் கோயிலுக்குப் போனேன். பக்கவாட்டுச் சுவருக்கு முன்னால் முழங்காலுக்குச் சற்று மேல் உயரத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த குட்டைத் தூண்கள் நான்கு இருந்தன. மூன்றாவது தூணில் பச்சை நிறம் தேய்ந்து ஒட்டியிருந்தது. தூணின் தலையில் யாரோ பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள், மழையில் பாதி வழிந்திருந்தது. பக்கத்து வடிகாலின் கம்பிக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. விரலை விட்டு எடுத்தேன். என் விளக்கின் துண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. வெட்கமா, பயமா, இரண்டும்தான். வாழ்க்கையில் அதற்கு முன் எத்தனை பேரை இப்படி எழுத வைத்தேன் என்ற நினைப்பு வேறு வந்து குடைந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஜொகூர்க்காரர் தலையை ஆட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தார். காரின் பின்பக்கத்தில் ஒரு கொக்கியை மாட்டி, சங்கிலியைத் தரையில் நட்டிருந்த இரும்புத் தூணோடு கட்டி, நெம்புகோலை மெல்ல மெல்ல இழுத்தார். ஒரு இழுப்பு, பிறகு மடிப்பின் ஓரத்தில் சுத்தியலால் லேசாக நான்கு தட்டு, பிறகு இன்னொரு இழுப்பு. உட்பக்கம் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து தட்டினார். மூடியின் ஓரத்தில் இருந்த வட்டத் தடம் முதலில் மறைந்தது. பிறகுதான் கீழே வந்தார். துருப்பிடித்திருந்த கீழ்த்தகட்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்றார்.

அதைப் பார்த்துக்கொண்டே நானும் என் வேலையைப் பின்னிருந்து ஆரம்பித்தேன். கடைசியாகச் செய்தது காப்பீட்டுப் புகார். அதை ரத்து செய்யச் சொல்லிப் பட்டறையிலிருந்தே கூப்பிட்டேன். அதற்கு முன் செய்தது கம்பெனிக்குப் போன் போட்டது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, தவறு என்னுடையது, உங்கள் டிரைவர் இடிக்கவில்லை என்றேன். அவரே எழுதிக் கொடுத்துவிட்டாரே என்றார். நான்தான் எழுத வைத்தேன் என்றேன். அந்த டிரைவர் இப்போது லாரி ஓட்டுவதில்லை, பழையபடி சாரம் கட்டப் போய்விட்டார், நீங்கள் எழுத்தில் கொடுத்தால் முதலாளியிடம் காட்டுகிறேன் என்றார். மரியாதையாகத்தான் பேசினார். எனக்குத்தான் காது எரிந்தது. மிச்சமிருந்தது அந்த முதல் தாள். அவர் கேட்ட கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு முடித்திருக்கலாம். முதலில் அந்தத் தம்பி முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு வாங்க என்று மனைவி சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எம்ஆர்டி ரயிலில் கடைசி நிலையம் வரை போய், பஸ் பிடித்து, துவாஸில் அவருடைய தங்குவிடுதிக்கு வெளியே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். மேற்பார்வையாளர் சொல்லி வைத்திருந்தார். அந்த இளைஞர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். இன்னும் ஏதோ புதுத் தொல்லைக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தார் போல. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

"நீங்க இடிக்கல" என்றேன்.

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். தூணின் படத்தைக் காட்டினேன். பச்சை நிறத்தைக் காட்டினேன். சட்டைப் பையிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். எலுமிச்சம்பழத்தைச் சொன்னேன், தேங்காயைச் சொன்னேன், உங்கள் லாரியின் சக்கரத்தில் நொறுங்கியது ஒரு பிளாஸ்டிக் பாட்டில் என்றேன். மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அவர் அதையெல்லாம் கேட்டாரா என்று தெரியவில்லை. படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப நான் இடிக்கலையா சார்?"

இல்லை என்றேன். அவர் அதையே இன்னொரு தடவை கேட்டார். நானும் இன்னொரு தடவை சொன்னேன்.

என்னால் உங்கள் லாரியைப் பிடுங்கிவிட்டார்களே என்று ஆரம்பித்தேன். அவர் தலையை அசைத்தார். கம்பெனி பிடுங்கவில்லையாம். மேற்பார்வையாளர் திட்டிவிட்டு, இனிமேல் பார்த்து ஓட்டு என்று விட்டுவிட்டாராம். இரண்டு நாள் கழித்து இவரே போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டாராம்.

ஏன் என்று கேட்டேன்.

"பின்னாடி இருவது பேரு உக்காந்திருப்பாங்க சார். ஒரு காரை இடிச்சிருக்கேன், இடிச்சதே எனக்குத் தெரியல. அப்படிப்பட்டவன் எப்படி சார் லாரி ஓட்டுறது? ஸ்டியரிங்கத் தொட்டாலே கை விறைச்சுப் போச்சு."

லாரி போய்விட்டது என்பது வரை எனக்குத் தெரியும், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. அவர் கண்ணும் காதும் அவரிடம் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன, இடிக்கவில்லை என்று. அதை நம்பாதே என்று ஒரு தாளில் எழுத வைத்து, கையெழுத்தும் வாங்கியவன் நான். ஊரில் இருக்கும் மனைவியிடமும், எனக்கு வண்டி ஓட்ட வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கம்பெனிக்குக் கடிதம் கொடுக்கிறேன் என்று சொல்லி, கொண்டுபோயிருந்த வெள்ளைத் தாளை எடுத்தேன். அவர் பார்க்கவே எழுத ஆரம்பித்தேன். 'இன்ன தேதியில் நடந்த சம்பவத்தில் தங்கள் ஓட்டுநர்மீது எந்தத் தவறும் இல்லை. கோயில் வளாகத்தில் நான் காரைப் பின்னால் எடுத்தபோது தூணில் இடிக்க நேர்ந்தது.' நல்ல தமிழ்தான். முடித்து அவர் பக்கம் திருப்பினேன். அவர் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"என் தாள்ல ஒரு வார்த்தை போடச் சொன்னீங்கல்ல சார். அதையும் போடுங்க."

அடித்துவிட்டு அந்த வரியை மறுபடி எழுதினேன். 'என் கவனக்குறைவால், நான் காரைப் பின்னால் எடுத்துத் தூணில் இடித்தேன்.' அந்தச் சொல்லை எழுத இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன். அவருடைய பழைய தாளை, அந்தக் கோயில் அழைப்பிதழை, பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதைக் கிழிக்கவில்லை. தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கே சொன்னேன்ல சார். நான் கவனமாத்தான் ஓட்டுனேன்."

"ஆமா" என்றேன். "சொன்னீங்க."